போனில் பேசிய காலமானவர்

மியூசியத்தில் வேலை என்று சொன்ன நாளிலிருந்து, ஐம்பொன் சிலைகளையெல்லாம் நான்தான் துடைத்து வைக்கிறேன் என்று எங்கள் பெரியம்மா ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். சிலை இருக்கும் ஹாலுக்கு நான் போவதே மத்தியானம் டிபன் பாக்ஸ் கழுவப் போகும் வழியில்தான். யார் எவ்வளவு நன்கொடை கொடுத்தார், ரசீது போனதா, மறுபடி கேட்டால் கொடுப்பாரா, இதுதான் என் பிழைப்பு. ஒரு டிரஸ்ட் நடத்தும் சின்ன மியூசியம். டிக்கெட் காசில் கரண்ட் பில்கூடக் கட்ட முடியாது.

இந்தக் கணக்குக்கு ஒரு சாஃப்ட்வேர் இருக்கிறது. எந்த ஊர்க்காரன் எழுதினானோ, லாஸ்ட் நேம் இல்லாமல் உள்ளேயே விடாது. நம் ஆட்களுக்கு ஏது லாஸ்ட் நேம்? எனக்கு முன்னால் இருந்தவர் இனிஷியலை அங்கே போட்டார். இனிஷியலும் இல்லாதவர்களுக்கு ஒரு புள்ளி வைத்தார். ஒரு தீபாவளிக்குப் பாதிப் பேருக்கு 'அன்புள்ள திரு. கே' என்றும், மீதிப் பேருக்கு வெறும் புள்ளியோடும் வாழ்த்து போயிருக்கிறது.

மே மாதம்தான் எங்களுக்கு ஐப்பசி மழை. 2023-ல் இருந்த விதி இது: முந்தின நிதியாண்டில் வந்த நன்கொடையை எல்லாம் மே 31-க்குள் வருமான வரித்துறையின் 10பிடி படிவத்தில் ஏற்றியாக வேண்டும். தாமதமானால் நாளுக்கு 200 ரூபாய் கட்டணம். ஏற்றினால்தான் கொடுத்தவருக்கு 10பிஇ சான்றிதழ், அதை வைத்துத்தான் அவருக்கு வருமான வரியில் 80ஜி விலக்கு. ரொக்கமாக 2000 ரூபாய்க்கு மேல் கொடுத்திருந்தால் விலக்கு கிடையாது. பொருளாகக் கொடுத்தாலும் கிடையாது. இது தெரியாமல் ஒருவர் ஆட்டோவில் ஆட்டுக்கல்லை ஏற்றி வந்து, "எங்க பாட்டியோடது, நூறு வருஷப் பழசு, 80ஜி போட்டுக் கொடுங்க" என்று நின்றார். முடியாது என்றதும் கல்லை விட்டுவிட்டு ஆள் மட்டும் போய்விட்டார். இன்றுவரை அது வாட்ச்மேனுக்கு நாற்காலி.

2023 மே மாதம், ஏற்றுவதற்கு முன்னால் இரட்டைப் பதிவுகளைக் களையலாம் என்று உட்கார்ந்தேன். காரைக்குடிப் பக்கத்துக் குடும்பம் ஒன்று. பெயரை மாற்றித்தான் சொல்கிறேன்: கே. சுப்பிரமணியன். இரண்டு பதிவு. அதே இனிஷியல், அதே வீடு, அதே லேண்ட்லைன். பழைய பதிவில் மட்டும் பான் நம்பர் இல்லை. பழைய நோட்டிலிருந்து ஏற்றியதாக இருக்கும் என்று 'மெர்ஜ்' பட்டனைத் தட்டினேன். ஒன்றாகிவிட்டது. அன்றைக்கு ஒரு காபி அதிகமாகவே குடித்தேன்.

ஜூன் கடைசியில் போன். "சுப்பிரமணியன் பேர்ல சர்டிபிகேட் இன்னும் வரலியே?"

திரையைப் பார்த்தேன். காலமானவர் என்ற கட்டத்தில் டிக். 2009-லேயே இரங்கல் கடிதம் போயிருக்கிறது. குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.

"சார், அவர் தவறிட்டாருன்னு இங்க இருக்கு. நீங்க அவருக்கு..."

"நான்தான் அவரு."

"இல்ல சார், நீங்க மகனா?"

"ஏம்மா, இப்பத்தான் இட்லி சாப்பிட்டுட்டு வந்து பேசறேன். நான் எப்பம்மா தவறினேன்?"

அப்புறம்தான் விளங்கியது. தாத்தா கே. சுப்பிரமணியன். அவர் மகன் எஸ். கருப்பையா. கருப்பையாவின் மகனுக்குத் தாத்தா பெயர், அப்பா இனிஷியல்; ஆக மறுபடி கே. சுப்பிரமணியன். ஒரு தலைமுறை தாண்டி அச்சு அசலாக அதே ஆள் திரும்பி வருவார் என்று அந்த சாஃப்ட்வேருக்கு யார் சொல்வது? நான் சேர்த்த கையோடு தாத்தாவின் டிக் பேரன் தலையில் விழுந்திருக்கிறது. செத்தவருக்கு மெயில் போகாது என்பதால் சான்றிதழும் போகவில்லை.

சேர்க்க ஒரு பட்டன் உண்டு, பிரிக்க இல்லை. இருபது வருஷத்து ரசீதுகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, இது தாத்தா, இது பேரன் என்று இரண்டு நாள் பாகப்பிரிவினை செய்தேன். மேடம் ஒன்றும் சொல்லவில்லை. போகும்போதும் வரும்போதும், "இன்னிக்கு எத்தனை பேரை எழுப்பின?" என்று மட்டும் கேட்டார்.

சான்றிதழை அனுப்பிவிட்டு மன்னிப்புக் கேட்கக் கூப்பிட்டேன். மனிதர் தங்கமானவர், சிரித்துவிட்டார். "பரவாயில்லம்மா. பையனுக்கு ரெண்டு வயசு ஆகுது. இனி வருஷா வருஷம் பொறந்தநாளுக்கு அவன் பேர்லயும் ஒரு தொகை போடலாம்னு இருக்கோம்."

"ரொம்ப சந்தோஷம் சார். தம்பி பேரு?"

"எங்க அப்பா பேருதான். எஸ். கருப்பையா."

"சார், கொழந்தைக்கு பான் கார்டு எடுத்துட்டீங்களா?"