முன் பம்பர், பின் பம்பர்

ஜூன் 9, 2025, திங்கள்

காலை எட்டே முக்கால். திருச்சி தலைமைத் தபால் நிலைய சிக்னல். எனக்கு முன்னால் டவுன் பஸ், பின்னால் லோடு வேன். சிவப்பில் நின்றுகொண்டிருந்த என் காரை வேன் பின்னாலிருந்து இடித்தது. அந்த வேகத்தில் கார் நகர்ந்து பஸ்ஸின் பின்பக்கத்தில் போய் முட்டியது. பஸ்ஸுக்கு ஒரு கீறல்கூட இல்லை. கண்டக்டர் இறங்கி வந்து பார்த்துவிட்டு விசில் அடித்தார்; பச்சை விழுந்ததும் பஸ் போய்விட்டது. எனக்குப் பின்னால் டிக்கி கதவு நெளிசல், பம்பர் விரிசல். முன்னால் பம்பர், கிரில், இடது ஹெட்லைட் மூன்றும் போச்சு.

வேன்காரப் பையனுக்கு இருபத்திரண்டு வயது இருந்தால் அதிகம். கையெடுத்துக் கும்பிட்டான். ஓனர் போனையே எடுக்கவில்லை. போக்குவரத்துக் காவலர், "ஓரமா எடுத்து வச்சுப் பேசி முடிங்க சார்" என்றார். நம்பர் பிளேட்டையும் பையனின் லைசென்ஸையும் போனில் படம் எடுத்துக்கொண்டேன். வேனின் இன்சூரன்ஸில் கேட்பதென்றால் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயம் வரை போக வேண்டும். ஒரு டிக்கி கதவுக்காக அங்கே போய் நிற்க எனக்குத் தெம்பில்லை. சரி, சொந்தப் பாலிசியிலேயே பார்த்துக்கொள்வோம்.

சாயங்காலம் சர்வீஸ் சென்டரில் வண்டியை விட்டேன். கிளெய்ம் ஃபார்மை அவர்களே நிரப்பியிருந்தார்கள். பானெட் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டேன். படித்துப் பார்க்கவில்லை.

ஜூன் 10

மச்சினன் போன் செய்தான். "மாமா, கிளெய்ம் போட்டா நோ கிளெய்ம் போனஸ் போயிடும், யோசிச்சுக்குங்க." கிளெய்ம் கேட்காத வருஷங்களுக்காகப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி அது. எனக்கு இப்போது 35 சதவீதம், கிளெய்ம் போடாமல் விட்டிருந்தால் அடுத்த வருஷம் 45. அதற்கப்புறம் உச்சமே 50தான். இனி பூஜ்யத்திலிருந்து ஏற வேண்டும். ஆனால் எஸ்டிமேட் 39,400 ரூபாய். போனஸைக் காப்பாற்ற அதைக் கையிலிருந்து கட்ட முடியாது.

ஜூன் 12

சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வந்தார். 50,000 ரூபாய்க்குக் கீழ்ப்பட்ட சேதத்துக்கு உரிமம் பெற்ற சர்வேயர் கட்டாயமில்லையாம். கம்பெனி தன் ஆளையே அனுப்பியிருந்தது. சின்ன வயசு, மரியாதையான பையன். பின்பக்கத்தை இரண்டு நிமிஷத்தில் முடித்துவிட்டு முன்பக்கம் வந்து நின்றார்.

"இது எப்ப சார் ஆச்சு?"

"அதே நேரத்துலதான். தள்ளிக்கிட்டுப் போயி பஸ்ல முட்டிச்சு."

"ஃபார்ம்ல இல்லையே சார்."

அப்போதுதான் வாங்கிப் படித்தேன். "சிக்னலில் நின்றபோது வேன் பின்னால் மோதியது." ஒரே வரி. பஸ்ஸே இல்லை.

ஜூன் 21, சனி

கடிதம் வந்துவிட்டது. பின்பக்கத்துக்கு மட்டும் 14,230 ரூபாய். கணக்கைப் பிரித்துப் பார்த்தேன், அதில் தப்பில்லை. வண்டிக்கு ஏழு வயது. தேய்மானமாக இரும்புப் பாகத்துக்கு 40 சதவீதம், பிளாஸ்டிக்குக்குப் பாதி, பெயிண்டில் கொஞ்சம், 1500 சிசிக்குள் இருப்பதால் ஒவ்வொரு கிளெய்மிலும் நாமே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு 1,000, பழைய கதவின் இரும்பு மதிப்பு 300. முன்பக்கத்துக்கு மட்டும், "தெரிவித்த விபத்துடன் பொருந்தவில்லை" என்று ஒரு வரி. எஸ்டிமேட்டில் முன்பக்கம் 17,200. தேய்மானம் போனாலும் 11,100 வர வேண்டும்.

ஜூன் 23

கம்பெனி அலுவலகத்துக்குப் போன் போட்டேன். பேசியவர் நல்ல மனுஷன்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒரு வழி சொன்னார்: முன்பக்கத்துக்கு வேறு தேதி போட்டு இன்னொரு கிளெய்ம் கொடுங்கள், ஒரு வாரத்தில் பாஸ் ஆகிவிடும். போனஸ் எப்படியும் போய்விட்டது. கூடுதலாக இன்னொரு ஆயிரம் கழிவு, அவ்வளவுதான் நஷ்டம்.

பஸ்ஸில் முட்டியதற்குப் பணம் கிடையாது. முட்டாத ஏதோ ஒரு சுவரில் முட்டியதாக எழுதினால் உண்டு. போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். சபலம் இல்லை என்று சொல்ல மாட்டேன். நாளைக்கு எவனாவது தோண்டினால் பொய் கிளெய்ம் என்று பின்பக்கப் பணத்துக்கும் சேர்த்து வேட்டு வைப்பான் என்ற பயம் பாதி. மீதிப் பாதி வீம்பு.

"ஆயிரம் ரூபாதானே?" என்றாள் வீட்டுக்காரி.

ஜூன் 26

வண்டி தயார். முன்பக்கத்துக்கு 17,200-ஐயும் நானே கட்டினேன். பில் போடும்போது கவுண்டரில் இருந்த பெண், "மே 27 சர்வீஸுக்கு வந்தீங்களே சார், அந்த ஜாப் கார்டு வேணுமா?" என்று சாதாரணமாகக் கேட்டார். எனக்கு உறைக்கவே கொஞ்ச நேரம் ஆனது. சர்வீஸுக்கு விடும்போது வண்டியின் படத்தில் ஏற்கெனவே இருக்கும் அடிகளைக் குறித்துக் கையெழுத்து வாங்குவார்களே, அது! அந்தப் படத்தில் இடது பின்கதவில் மட்டும் ஒரு கோடு. முன்பக்கம் சுத்தம்.

வீட்டுக்கு வந்து போன் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சிக்னலைத் தாண்டி ஓரங்கட்டியபோது எடுத்த ஒன்றில் என் காரின் முன்பக்கம் ஓரமாக விழுந்திருக்கிறது. உடைந்த ஹெட்லைட் தெரிகிறது. காலை 8.52.

ஜூலை 1

கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எல்லாவற்றையும் அனுப்பினேன். இரண்டு வாரத்தில் பதில் சொல்ல வேண்டுமாம். சர்வே அறிக்கையின் நகலும் கேட்டிருக்கிறேன்; கேட்டால் கொடுக்க வேண்டும் என்பதே இப்போதுதான் தெரியும்.

ஜூலை 14

பதில் வந்தது. பழைய கடிதத்தின் அதே வரி. ஜாப் கார்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதுதான் கோபத்தைக் கிளப்பியது.

ஜூலை 16

இன்சூரன்ஸ் கம்பெனிகள் மேலான புகார்களை விசாரிக்கும் இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனுக்கு ஆன்லைனில் புகார் போட்டேன். தமிழ்நாட்டுக்கு அலுவலகம் சென்னை அண்ணா சாலையில். கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்கவே கூடாது. கம்பெனி கைவிரித்த ஒரு வருஷத்துக்குள் போனால் போதும். 50 லட்சம் வரை விசாரிக்கிற இடத்துக்கு 11,100 ரூபாய் வழக்கைக் கொண்டுபோகிறோமே என்று கூச்சமாகத்தான் இருந்தது.

ஆகஸ்ட் 8

விசாரணை வரை போகவில்லை. கம்பெனியிலிருந்து ஒரு அம்மா பேசினார். "ஜாப் கார்டைப் பார்த்தோம் சார். ஒரே விபத்தாவே எடுத்துக்கிறோம். புகாரை வாபஸ் வாங்கிக்கிறீங்களா?" பணம் கணக்கில் ஏறட்டும், அப்புறம் எழுதித் தருகிறேன் என்றேன்.

ஆகஸ்ட் 20

10,900 வந்தது. உடைந்த பாகங்களுக்கு 200 கழித்திருக்கிறார்கள். இருக்கட்டும்.

வீட்டுக்காரி கணக்குப் போட்டாள். வேறு தேதி போட்டிருந்தால் 9,900, ஜூன் மாசமே. இப்போது ஆயிரம் கூட. அதில் ஜெராக்ஸுக்கும் அலைந்த பெட்ரோலுக்கும் நானூறு, அரை நாள் லீவு மூன்று. "மிச்சம் எவ்வளவு?" என்றாள். நான் பேச்சை மாற்றினேன். நேற்று பெய்த மழையில் டிக்கிக்குள் தண்ணீர் வந்திருக்கிறது. புதுக் கதவின் ரப்பர் சரியாக உட்காரவில்லை போல. சனிக்கிழமை மறுபடி சர்வீஸ் சென்டர்.