வெளிநாட்டு கிளப்பில் ஆடப் போகும் தம்பிகளுக்கு: நான் போன வழி

பூட்டான் லீகில் ஒரு கிளப்புக்கு ஸ்டாப்பர் பேக்காக, அதாவது நடுத் தடுப்பாட்டக்காரனாக, ஆடிவிட்டு வந்திருக்கிறேன். ஐரோப்பா இல்லை, கோடிகளும் இல்லை. ஆனால் வடசென்னை வியாசர்பாடியிலிருந்து பூட்டான் தலைநகர் திம்புவுக்குப் போனாலும் மான்செஸ்டருக்குப் போனாலும் ஃபிஃபா கேட்கிற காகிதம் ஒன்றுதான். 1999ல் இங்கிலாந்துக்குப் போன பாய்ச்சுங் பூட்டியா, 2014ல் நார்வேயின் ஸ்டாபெக் கிளப்பில் சேர்ந்த குர்பிரீத் சிங் சந்து, 2020ல் ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸுக்குப் போன பாலா தேவி என்று எல்லாருக்கும் ஒரே சட்டம். பழைய நாட்டின் கால்பந்துச் சங்கம் புதிய நாட்டின் சங்கத்துக்கு ஒரு இடமாற்றச் சான்றிதழ் தர வேண்டும். ஐடிசி என்று சொல்வார்கள். அது வரும்வரை பிராக்டிஸ் பண்ணலாம், லீக் மேட்சில் இறங்க முடியாது.

நம்ம பேட்டையில் ஆட்டத்துக்குக் குறைச்சல் கிடையாது. தனபால் கணேஷ் இங்கிருந்து போய்த்தான் சென்னையின் எஃப்சிக்கு ஆடினார். காகிதத்தில்தான் நாம் கோட்டை விடுகிறோம். பையனுக்குப் பன்னிரண்டு வயதில் யாரோ பண்ணாமல் விட்ட பதிவு, அவன் இருபத்திரண்டு வயதில் பெட்டி கட்டும்போது வந்து வழிமறிக்கிறது. எனக்கு அப்படித்தான் நடந்தது.

அழைப்பு வந்த கதை சின்னது. இங்கே இரண்டாம் டிவிஷன் கிளப் ஒன்றில் என்னோடு ஆடிய பூட்டான் நண்பன் ஊருக்குத் திரும்பியபின் போன் செய்தான். "எங்க டீமுக்கு ஸ்டாப்பர் வேணும், வீடியோ அனுப்பு" என்றான். நல்ல டாக்கிள், ஹெட்டர் எல்லாம் கோத்து ஒன்று அனுப்பினேன். அந்தக் கோச்சுக்கு அது வேண்டாம், முழு மேட்ச் வேண்டும் என்றார். பந்து எதிர்ப்பக்கம் இருக்கும்போது நான் எங்கே நிற்கிறேன் என்று பார்க்கணுமாம். கேலரி மேல்படியிலிருந்து ஒரு நண்பன் செல்போனில் முழுசாக எடுத்து வைத்திருந்த சீனியர் டிவிஷன் மேட்ச்தான் எனக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்தது. உங்கள் மேட்ச் ஏதாவது ஒன்றையாவது தொண்ணூறு நிமிடமும் எடுத்து வையுங்கள். உயரத்திலிருந்து, ஜூம் பண்ணாமல்.

இதற்கு முன்னால் ஏஜென்ட் என்று சொல்லிக்கொண்டு இரண்டு பேர் வீட்டுக்கே வந்திருக்கிறார்கள். ஸ்பெயினில் டிரயல், துபாயில் டிரயல், முதலில் சில லட்சம் கட்டு என்றார்கள். அம்மா தாலிச் செயினைக் கழற்றி வைக்கக்கூடத் தயாராக இருந்தார். சின்ன வயதிலிருந்து எனக்குப் பயிற்சி கொடுத்த மாஸ்டர்தான் தடுத்தார். ஃபிஃபா 2023லிருந்து ஏஜென்ட்டுகளுக்குத் தேர்வு வைத்து லைசென்ஸ் கொடுக்கிறது. லைசென்ஸ் உள்ளவர் பெயர் ஃபிஃபா இணையதளத்தில் இருக்கும். தேடிப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். பதினெட்டு வயது ஆகாத பையனை "கூட்டிட்டுப் போறேன்" என்று யாராவது சொன்னால் இன்னும் உஷாராக இருங்கள். பெற்றோர் கால்பந்துக்குச் சம்பந்தமில்லாத காரணத்துக்காக அந்த நாட்டுக்குக் குடிபோவது மாதிரியான சில விதிவிலக்குகள் தவிர, மைனர் ஆட்டக்காரரை நாடு விட்டு நாடு மாற்றுவது ஃபிஃபா விதியில் தடை.

வீட்டில் சண்டை இருந்தது. வடசென்னையில் கால்பந்து ஆடுகிற பையனுக்கு அம்மாக்கள் வைத்திருக்கும் கனவு ஐசிஎஃப், சதர்ன் ரயில்வே, இந்தியன் வங்கி. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஒரு வேலை கிடைத்தால் ரிட்டயர் ஆகும்வரை கவலை இல்லை. "அங்க கால் உடைஞ்சா யாருடா பாப்பாங்க?" என்று அம்மா கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. அதனால்தான் காயம் பட்டால் சிகிச்சைச் செலவு யாருடையது, அந்த மாதங்களில் சம்பளம் உண்டா என்ற வரிகளை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினேன். அவர்கள் அனுப்பிய முதல் நகலில் அது இல்லை. கேட்டதும் சேர்த்தார்கள். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். "மெடிக்கல் பாஸானால்தான் ஒப்பந்தம் செல்லும்", "வேலை அனுமதி கிடைத்தால்தான் செல்லும்" என்று நிபந்தனை போட ஃபிஃபா அனுமதிப்பதில்லை. மெடிக்கலெல்லாம் கையெழுத்துக்கு முன்னாலேயே முடித்துக்கொள்ள வேண்டியது கிளப்பின் பொறுப்பு.

அடுத்தது பழைய கிளப். என் ஒப்பந்தம் முடிந்துவிட்டது, கடைசிச் சம்பளம் பாக்கி. என்ஓசி கேட்டுப் போனால், "எல்லாப் பணமும் வாங்கிக்கிட்டேன்னு எழுதிக் குடு, லெட்டர் தர்றோம்" என்றார்கள். இது பல பையன்களுக்கு நடக்கிறது, பயந்து எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். ஒப்பந்தக் காலம் முடிந்த ஆட்டக்காரருக்கு ஐடிசியை மறுக்க விதியில் இடமில்லை. 2024 முடியும்வரை இருந்த விதியில்கூட, ஒப்பந்தம் இன்னும் உயிரோடு இருந்தால், அல்லது அதை முன்கூட்டியே முடிக்க இரு தரப்பும் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் மட்டுமே மறுக்க முடிந்தது. நான் கையெழுத்துப் போடவில்லை. என் ஒப்பந்த நகலில் முடிவுத் தேதி இருந்த பக்கத்தைப் புதிய கிளப்புக்கு அனுப்பினேன். 2010 அக்டோபரிலிருந்து இந்த இடமாற்றங்கள் ஃபிஃபாவின் டிஎம்எஸ் கணினி வழியாகத்தான் நடக்க வேண்டும். புதிய கிளப் அதில் விவரங்களை ஏற்றும், அவர்கள் சங்கம் நம் அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனமான ஏஐஎஃப்எஃப்பிடம் ஐடிசி கேட்கும். டிரான்ஸ்ஃபர் விண்டோ, அதாவது புது ஆட்டக்காரர்களைப் பதிவு செய்யும் காலம், மூடுவதற்குள் இந்தக் கோரிக்கை போயிருக்க வேண்டும்.

எல்லாம் சரியாகப் போகிறது என்று நினைத்த இடத்தில் என் பெயர் வந்து நின்றது.

நம்ம ஊரில் எல்லாருக்கும் இனிஷியல். என் பள்ளிச் சான்றிதழில் அது பெயருக்கு முன்னால் இருக்கிறது, ஆதாரில் பின்னால். பாஸ்போர்ட்டில் அப்பாவின் பெயர் முழுசாக சர்நேம் கட்டத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஏஐஎஃப்எஃப்பின் ஆட்டக்காரர் பதிவுக் கணினியான சிஆர்எஸ்ஸில் அந்தக் காலத்து கிளப் ஆள் அடித்தபோது அப்பா பெயரும் இல்லை, இனிஷியலும் இல்லை. பிறந்த தேதியில் நாளும் மாதமும் இடம் மாறிக் கிடந்தன. கணினிக்கு இது வேறு வேறு ஆள். மாநகராட்சியின் பிறப்புச் சான்றிதழ், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், பாஸ்போர்ட்டின் இரண்டு பக்கமும், கிளப் லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் என்று சேர்த்து மாநிலச் சங்கத்துக்குக் கொடுத்து, அங்கிருந்து டெல்லிக்குப் போய்த் திருத்தி வர வேண்டியிருந்தது. அந்த லெட்டர்ஹெட் கடிதத்துக்காகத்தான் அதிகம் அலைந்தேன். எனக்காகப் பதிவு செய்த ஆள் கிளப்பை விட்டே போய்விட்டார். என் மாஸ்டர் தன் ஸ்கூட்டரில் என்னைக் கூட்டிக்கொண்டு போய் ஒவ்வொரு வாசலாக நின்றார். அவருக்கு இதில் ஒரு பைசா வரப்போவதில்லை.

ஏன் வராது என்பதையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் பிளேயர் பாஸ்போர்ட் என்று ஒன்று உண்டு. பன்னிரண்டு வயதிலிருந்து எந்த ஆண்டு எந்த கிளப்பில் பதிவாகி இருந்தார் என்ற பட்டியல். அதை வைத்துத்தான் வளர்த்த கிளப்புகளுக்குப் பணம் போகிறது. முதல் தொழில்முறை ஒப்பந்தம் போடும்போதும், இருபத்து மூன்று வயதாகும் ஆண்டு முடியும்வரை நாடு மாறும்போதும், பயிற்சி இழப்பீடு. பயிற்சிச் செலவை வைத்து ஃபிஃபா கிளப்புகளைப் பிரிப்பதில் புதிய கிளப் கடைசியான நாலாம் பிரிவில் இருந்தால் இது கிடையாது. இது போக, ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போது டிரான்ஸ்ஃபர் தொகை கொடுத்து ஒருவரை வெளிநாட்டு கிளப் வாங்கினால் அதில் 5 சதவீதம் அவரைப் பன்னிரண்டிலிருந்து இருபத்து மூன்று வயதுவரை வளர்த்த கிளப்புகளுக்கு. தொகை ஒரு கோடி என்று வைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு முதல் பதினைந்து வரை நான்கு ஆண்டும் அவனை வைத்திருந்த கிளப்புக்கு ஒரு லட்சம் வரும். 2022 நவம்பரிலிருந்து ஃபிஃபா கிளியரிங் ஹவுஸ் என்ற அமைப்பே கணக்குப் போட்டு அனுப்பி வைக்கிறது. ஆனால் கிளப் சங்கத்தில் இணைந்திருக்க வேண்டும், பையன் பெயர் அதில் பதிவாகியிருக்க வேண்டும். என் பட்டியலில் பதினேழு வயதுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. வெறும் காலோடு வந்தவனுக்குத் தன் பழைய ஸ்டட்ஸைக் கொடுத்து, மாலை பிராக்டிஸ் முடிந்ததும் முட்டையும் கடலையும் வாங்கிக் கொடுத்தவரின் பெயர் அந்தத் தாளில் எங்கும் கிடையாது. எனக்கு இன்றுவரை ஆறாத விஷயம் இதுதான்.

பாஸ்போர்ட்டைப் பற்றி ஒரு வரி. பூட்டானுக்குள் போக இந்தியர்களுக்கு விசா வேண்டாம். ஆனால் சம்பளத்துக்கு ஆட அனுமதி வேறு, அதை கிளப் எடுத்துத் தர வேண்டும். வளைகுடாவுக்கோ மலேசியாவுக்கோ வேலைக்குப் போகிறவர்கள் பத்தாவது பாஸ் பண்ணியிருந்தால், பாஸ்போர்ட்டில் இசிஆர் என்று போட்டுக் குடியேற்ற அனுமதி கேட்கும் தொல்லை இல்லை. கால்பந்துக்காகப் படிப்பை விட்ட தம்பிகள் தனித்தேர்வாவது எழுதிவிடுங்கள்.

பாக்டோக்ராவில் இறங்கி, ஜெய்காவ் எல்லையைத் தாண்டி, மலைப்பாதையில் அரை நாள் ஏறினால் திம்பு. கடலோரத்தில் வளர்ந்த உடம்புக்கு 2,300 மீட்டருக்கு மேலான உயரம் என்றால் என்ன என்பது முதல் வார்ம்அப்பிலேயே தெரிந்தது. காற்றழுத்தம் நம்ம ஊரில் இருப்பதில் முக்கால் பங்குதான். ஒரு ஸ்பிரின்ட் போனால் மூச்சு திரும்ப வர நேரமாகும். அடுத்த ஸ்பிரின்ட் அதற்காகக் காத்திருக்காது. அதைவிடக் கஷ்டம் பந்து. காற்று அடர்த்தி குறைவென்பதால் கோல்கீப்பர் அடிக்கும் பந்து நாம் கணக்குப் போட்ட இடத்தைத் தாண்டிப் போய் விழும். சென்னையில் நான் தலைக்கு நேராக எடுக்கும் பந்து அங்கே தலைக்கு மேலே போனது. இரண்டு மூன்று எட்டு பின்னால் நின்று பழகவே பல வாரங்கள் பிடித்தன. செயற்கைப் புல்லில் சறுக்கி டாக்கிள் போட்டால் தொடைத்தோல் உரியும், குளிரில் அது சீக்கிரம் ஆறாது. கோச் கடைசியில் சறுக்கவே விடவில்லை. "நின்னு எடு" என்று சொல்லிச் சொல்லி என் ஆட்டத்தையே மாற்றினார். இன்று நான் ஆடுகிற ஆட்டம் அவர் கொடுத்தது.

திம்புவின் சாங்லிமிதாங் மைதானம் எனக்குப் பிடித்துப் போனது. பக்கத்திலேயே அவர்களுடைய வில்வித்தை மைதானம். 2002 ஜூன் 30, உலகக் கோப்பை இறுதி நடந்த அதே நாளில், தரவரிசையின் அடியில் இருந்த பூட்டானும் மான்ட்செராட்டும் இங்கேதான் மோதின. பூட்டான் 4-0 என்று ஜெயித்தது. அந்த மேட்சைப் பற்றி இன்றும் பெருமையாகச் சொல்கிறார்கள். அவர்கள் நாட்டு ஆட்டக்காரர் செஞ்சோ கெல்ட்ஷென் இந்தியாவில் ஐ-லீக் ஜெயித்தவர் என்பதால் நம் கால்பந்து மீதும் அவர்களுக்கு மரியாதை உண்டு. 2024ல் ஈஸ்ட் பெங்கால் இங்கே ஆசியப் போட்டிக்கு வந்தது, அந்த அணியின் நந்தகுமார் சேகர் சென்னைக்காரர் என்று டீமில் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன்.

சாப்பாடு சிவப்பரிசிச் சோறும் எமா தட்ஷியும். மிளகாயையே காயாகப் போட்டுச் சீஸில் செய்வது. ஆந்திரா மெஸ்ஸில் சாப்பிட்டவர்களுக்குக் காரம் பிரச்சினை இல்லை. பூட்டான் பணமும் நம் ரூபாயும் ஒரே மதிப்பு என்பதால் வீட்டுக்கு அனுப்பும்போது கணக்குக் குழப்பம் இல்லை. என் கிளப் சம்பளத்தை ஒழுங்காகக் கொடுத்தது. வேறு நாட்டில் ஆடிய நண்பன் ஒருவனுக்கு இரண்டு மாதம் வரவில்லை. அப்படி ஆனால் எழுத்து மூலம் பதினைந்து நாள் அவகாசம் கொடுத்து நோட்டீஸ் அனுப்புங்கள். அதற்குள்ளும் வராவிட்டால் ஒப்பந்தத்தை முறிக்க ஆட்டக்காரருக்கு உரிமை உண்டு. வாட்ஸ்அப்பில் புலம்பியதெல்லாம் கணக்கில் வராது.

திரும்பி வரும்போதும் வேலை இருக்கிறது. பலர் ஊருக்கு வந்ததும் நேராக லீகில் இறங்கலாம் என்று நினைக்கிறார்கள். பூட்டான் சங்கத்திலிருந்து இங்கே மறுபடி ஐடிசி வந்தாக வேண்டும். ஒரு சீசனில் மூன்று கிளப்பில் பதிவாகலாம், பொதுவாக இரண்டுக்கு மட்டும்தான் லீக் மேட்ச் ஆட முடியும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு இந்த முறை ஐடிசி சீக்கிரம் வந்துவிட்டது, பெயர்தான் எல்லா இடத்திலும் ஒன்றாகிவிட்டதே. சீனியர் டிவிஷனில் ஆடிக்கொண்டே மாஸ்டரோடு உட்கார்ந்து பன்னிரண்டு வயதுப் பையன்களின் பிறப்புச் சான்றிதழ்களைப் பார்த்துப் பதிவு விண்ணப்பங்களை நிரப்பிக்கொண்டிருக்கிறோம். சங்கத்தில் இணைந்த கிளப் ஒன்று இவர்களைத் தன் பெயரில் எடுத்துக்கொள்ள ஒத்துக்கொண்டிருக்கிறது. பாதிப் பையன்களுக்கு இனிஷியல் இன்னும் இரண்டு விதமாகத்தான் இருக்கிறது. அவர்கள் அப்பாக்களை ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறோம்.