கோழிகள் இறகு உதிர்க்கும் காலம்

முட்டைக்கூடை சில நாளாகக் காலி. கோழிகள் இறகு உதிர்க்கத் தொடங்கிவிட்டன. கொட்டகை முழுக்க இறகு. கழுத்தெல்லாம் மொட்டையாகி, பார்க்கவே பாவமாக இருக்கிறது. நோய் என்று பயப்பட வேண்டாம். வளர்ந்த கோழிக்கு ஆண்டுக்கு ஒருமுறை, பெரும்பாலும் பகல் குறையும் காலத்தில் நடப்பதுதான். இறகில் பெரும்பகுதி புரதம். புது இறகு வளர்க்கவே உடம்புச் சத்து போய்விடுவதால் முட்டை நின்றுவிடுகிறது. முழுதாக முளைக்க 2, 3 மாதம்கூட ஆகலாம்.

"இனி இது முட்டை போடாது" என்று இந்த நேரத்தில் கோழியைக் கழித்துக் கட்டுவது எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. இது அதற்கு ஓய்வு. தீவனத்தில் புரதத்தைக் கூட்டியிருக்கிறேன். புழு, கரையான் கிடைத்தால் இன்னும் நல்லது. முளைக்கும் இறகுக்குருத்தில் ரத்தம் ஓடும், அழுத்தினால் வலிக்கும். அதனால் கையில் தூக்குவதில்லை. இரவில் மட்டும் டார்ச் அடித்து உண்ணி இருக்கிறதா என்று பார்க்கிறேன், சிவப்பு உண்ணி பகலில் இடுக்குகளில் ஒளிந்துகொள்ளும்.

பொடித்த கிளிஞ்சல் தனித் தட்டில் அப்படியே கிடக்கிறது. முட்டை ஓட்டுக்குச் சுண்ணாம்புச் சத்து தேவைப்படும்போது கோழிகளே தேடி வரும். அப்புறம், வெளுத்த கொண்டை மறுபடி சிவந்தால் முட்டை பக்கத்தில் வந்துவிட்டது என்று அர்த்தம். எங்கள் கறுப்பிக்கு இப்போதே லேசாகச் சிவந்திருக்கிறது!