மேட்லேப்பும் அக்ஸஸும்: இறுதியாண்டுத் திட்டம் செய்யும் தம்பி தங்கைகளுக்கு

எஃப்வைபி (இறுதியாண்டுத் திட்டம்) சமர்ப்பிக்கும் நாள் நெருங்கினால் எனக்கு வரும் வாட்ஸ்அப் செய்திகள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும்: "அக்கா, ஃபைல் அக்ஸஸ்ல நல்லா திறக்குது. மேட்லேப்ல மட்டும் கனெக்ட் ஆகல." அக்ஸஸ் மைக்ரோசாஃப்டின் தரவுத்தள மென்பொருள், மேட்லேப் கணக்குக்கும் வரைபடத்துக்கும். புது மடிக்கணினி வாங்கிய கையோடு இந்தத் தொல்லையும் கூடவே வந்துவிடுகிறது.

நான் பினாங்கின் பாயான் லெப்பாஸில் தொழிற்பயிற்சி எடுத்த தொழிற்சாலையில் ஒரு பழைய சோதனை இயந்திரம் தன் அளவுகளையெல்லாம் எம்டிபி (அக்ஸஸின் பழைய வடிவம்) ஃபைலில் எழுதிக்கொண்டிருந்தது. அந்தத் தரவைத்தான் என் திட்டத்துக்கு எடுத்துக்கொண்டேன். கணக்கு, வரைபடம் எல்லாம் மேட்லேப்பில். ஆகவே இங்கே சொல்வது மேட்லேப்பை வைத்துத்தான். ஆட்டோகேட் போன்ற வேறு மென்பொருளை அக்ஸஸோடு இணைப்பவர்களுக்கும் அடிப்படை இதுவே.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். அக்ஸஸ் ஃபைலுக்கு 32 பிட், 64 பிட் என்ற பேதம் கிடையாது. அதனால் ஃபைலை மாற்றி மாற்றிச் சேமித்துப் பார்ப்பதில் பயனில்லை. பேதம், அந்த ஃபைலை மேட்லேப்புக்குப் படித்துக் கொடுக்கும் டிரைவரில் இருக்கிறது. டிரைவர் தனியாக ஓடும் நிரல் அல்ல. மேட்லேப் அதைத் தனக்குள்ளேயே ஏற்றிக்கொள்கிறது. 64 பிட் நிரலுக்குள் 32 பிட் டிஎல்எல்லை (டிரைவர் அப்படிப்பட்ட துணை ஃபைல்தான்) ஏற்ற விண்டோஸ் விடாது. "ஆர்க்கிடெக்சர் மிஸ்மேட்ச்" என்று ஐஎம்014 பிழை வந்தால் காரணம் இதுதான்.

மேட்லேப் 2016ஏ பதிப்பிலிருந்து விண்டோஸில் 64 பிட் மட்டுமே. ஆட்டோகேட் 2020இலிருந்து அப்படி. விண்டோஸ் 11க்கும் 32 பிட் பதிப்பே இல்லை. அக்ஸஸ் டிரைவரைக் கூடவே கொண்டுவரும் ஆபிஸ் மட்டும் வேறு வழியில் வந்தது. 2016 வரை, நாமாகத் தேர்ந்தெடுக்காவிட்டால் 32 பிட்தான் நிறுவப்படும். 2019இலிருந்துதான் 64 பிட் இயல்பானது. உங்கள் கணினியில் எது இருக்கிறது என்று அறிய, அக்ஸஸைத் திறந்து ஃபைல், அக்கவுண்ட், அபௌட் அக்ஸஸ் என்று போங்கள். மேல் வரியிலேயே எழுதியிருக்கும். இதைப் பார்க்காமல் எதையும் அழிக்கவோ மறுபடி நிறுவவோ வேண்டாம்.

சீனியர்களின் ஆய்வேட்டில் "ஜெட் 4.0" என்று தொடங்கும் இணைப்பு வரியைப் பார்த்து அப்படியே எடுத்துப் போடுகிறார்கள். ஜெட் என்பது அக்ஸஸின் பழைய எஞ்சின், அதற்கு 64 பிட் வடிவம் வந்ததே இல்லை. அதன் இடத்துக்கு ஆபிஸ் 2007இல் ஏஸ் என்ற புது எஞ்சின் வந்தது. ஏஸின் 64 பிட் வடிவம் ஆபிஸ் 2010இல் வந்தது. புதுக் கணினியில் உங்களுக்கு வேண்டியது அந்த ஏஸ்தான்.

இனி ஓடிபிசி ஜன்னல், அதாவது விண்டோஸில் இந்த டிரைவர்களையும் இணைப்புகளையும் அமைக்கும் இடம். இங்கேதான் அதிக நேரம் போகும். ஸ்டார்ட்டில் ஓடிபிசி என்று தேடினால் இரண்டு வரும், ஒன்று 32, இன்னொன்று 64. ஃபோல்டர் வழியாகப் போகிறவர்கள் கவனம்: சிஸ்டம்32 ஃபோல்டரில் இருப்பது 64 பிட், சிஸ்வாவ்64இல் இருப்பது 32 பிட். யார் வைத்த பெயரோ! இரண்டிலும் ஃபைலின் பெயர் ஒன்றே என்பது கூடுதல் வேதனை. 64 பிட் ஜன்னலில் டிரைவர்ஸ் பகுதிக்குப் போய், எம்டிபி, ஏசிசிடிபி (அக்ஸஸின் புதிய வடிவம்) இரண்டையும் குறிப்பிடும் அக்ஸஸ் டிரைவர் இருக்கிறதா பாருங்கள். எம்டிபி மட்டும் எழுதிய ஒன்று 32 பிட் ஜன்னலில் தெரியும். அது விண்டோஸோடு வரும் பழைய ஜெட். அதை நம்பி இறங்காதீர்கள்.

டிஎஸ்என் என்பது பெயர் வைத்துச் சேமித்த இணைப்பு அமைப்பு. அதில் யூசர் டிஎஸ்என் இரண்டு ஜன்னலிலும் தலைகாட்டும், அதனால் குழப்பம். பக்கத்தில் பிளாட்ஃபார்ம் என்ற நெடுவரிசையில் என்ன எண் இருக்கிறது என்று பார்த்தே முடிவு செய்யுங்கள். சிஸ்டம் டிஎஸ்என் அந்தந்த ஜன்னலோடு நின்றுவிடும்.

64 பிட் டிரைவர் இல்லையென்றால் என் யோசனை: ஆபிஸை எடுத்துவிட்டு 64 பிட் ஆபிஸைப் போடுங்கள். ஆபிஸே இல்லாத கணினி என்றால் மைக்ரோசாஃப்டின் இலவச அக்ஸஸ் டேட்டாபேஸ் எஞ்சின் 64 பிட் போதும். 32 பிட் ஆபிஸ் இருக்கும்போது அதை நிறுவப் போனால் மறுத்துவிடும். "குவையட்" கட்டளை போட்டு உள்ளே தள்ளலாம் என்று இணையத்தில் சொல்வார்கள், உள்ளே போகும்தான். ஆனால் அதன்பின் ஆபிஸைத் திறக்கும்போதெல்லாம் அது தன்னைத் தானே சரிசெய்யத் தொடங்கலாம். அறிக்கை எழுதும் வாரத்தில் வேர்டு மக்கர் பண்ணினால் தாங்குமா? லேப் கணினி என்றால் டெக்னீஷியனிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். அட்மின் அனுமதி இல்லாமல் நடக்காது.

இணைப்பு கிடைத்த பிறகு வரும் கோளாறுகள் சத்தமில்லாதவை. அக்ஸஸுக்குள் நட்சத்திரக் குறி போட்டுத் தேடிய லைக் வினவலை (ஓரளவு ஒத்த சொல்லைத் தேடுவது) அப்படியே மேட்லேப்பில் ஒட்டினால் பிழையே வராது, விடை மட்டும் காலி. டிரைவர் வழியாகப் போகும்போது நட்சத்திரத்துக்குப் பதில் சதவீதக் குறி போட வேண்டும். தேதி இன்னும் மோசம். நமக்கு 03/04/2024 என்றால் ஏப்ரல் 3. அக்ஸஸ் வினவல் அதை மார்ச் 4 என்று படிக்கும். 25/04 என்று எழுதினாலோ, 25ஆம் மாதம் இல்லாததால் சத்தம் போடாமல் ஏப்ரல் 25 என்று எடுத்துக்கொள்ளும். ஆக, பாதித் தேதி சரி, பாதி தவறு. வரைபடம் ஒருமாதிரியாகத் தெரிந்தால் சூத்திரத்தைச் சந்தேகிக்கும் முன் தேதியைப் பாருங்கள். ஆண்டை முன்னால் வைத்து 2024-04-03 என்று எழுதினால் இந்த வம்பு இல்லை.

வைவாவில் "ஏன் அக்ஸஸ்?" என்று கேட்பார்கள். தரவு அந்த வடிவில் வந்தது, ஒரே ஆள்தான் பயன்படுத்துகிறார், 2 ஜிபி வரம்புக்குள் அடங்குகிறது என்று நேராகச் சொன்னால் போதும். பலர் ஒரே நேரத்தில் எழுத வேண்டிய நிலை வந்தால் எஸ்கியூஎல் சர்வருக்கு மாற்றுவேன் என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

வேறொரு கணினியில் செய்து காட்ட வேண்டியிருந்தால் ஒன்றை மறக்காதீர்கள். டிஎஸ்என் கணினியின் ரெஜிஸ்ட்ரியில் இருக்கிறது. பென் டிரைவில் உங்களோடு வராது. முந்தின நாளே போய் அங்கே அமைத்துவிடுங்கள், அல்லது டிரைவர் பெயரும் ஃபைல் இருக்கும் இடமும் அடங்கிய முழு இணைப்பு வரியை நிரலிலேயே எழுதிவிடுங்கள். ஃபைலை வைக்கும் ஃபோல்டரில் எழுத அனுமதி இருக்க வேண்டும். ஏசிசிடிபி திறந்தவுடன் பக்கத்திலேயே எல்ஏசிசிடிபி என்ற பூட்டு ஃபைல் உருவாகும். ஒன்டிரைவ் ஒத்திசைக்கும் ஃபோல்டரைத் தவிருங்கள்.