மனஸ்தாபமும் எல்லைக்கல்லும்

கத்தோலிக்கர்கள் குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறும் சடங்கைக் குமரிக் கடற்கரை ஊர்களில் பெரியவர்கள் 'பாவசங்கீர்த்தனம்' என்பார்கள். இப்போதைய பெயர் ஒப்புரவு அருட்சாதனம். ஆன்ம சோதனை (செய்த பாவங்களை நினைத்துப் பார்ப்பது), மனஸ்தாபம் (அவற்றுக்காக மனம் வருந்துவது), இனிச் செய்வதில்லை என்ற தீர்மானம், குருவிடம் அறிக்கை, அவர் விதிக்கும் பரிகாரம் என ஐந்து படிகள். பலரும் இரண்டாவதிலேயே நின்றுவிடுகிறார்கள். அழுகை வந்தால் போதுமென்று நினைப்பு. இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசும் வருந்தினான், அதற்கு வாங்கிய 30 வெள்ளிக்காசையும் திருப்பிக் கொடுத்தான்; இயேசுவிடம் மட்டும் திரும்பவில்லை. அவரைத் தெரியாது என்று மறுதலித்த சீடர் பேதுரு திரும்பினார்.

பக்கத்து விளைக்குள் ஒரு முழம் தள்ளி நட்ட எல்லைக்கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு கண்ணீர் விட்டாலும் கல் அங்கேயே நின்றால் அது மனந்திரும்புதல் ஆகாது. பிடுங்கிப் பழைய குழியிலேயே நட வேண்டும். அதுவரை பறித்த தேங்காய்க்கும் கணக்குத் தீர்க்க வேண்டும். வரி வசூலித்த சகேயு, ஏமாற்றி வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்றாரே (லூக்கா 19:8), அது இந்தக் கணக்குதான்.

இதற்கு மனத்தைத் தூண்டுவது கடவுளின் அருள். ஆனால் அருள் யார் கையையும் பிடித்து இழுக்காது. ஆதாமின் பாவத்தால் மனிதனின் சுதந்திரச் சித்தம் வலுவிழந்ததே தவிர அழிந்துபோகவில்லை என்று 1547-ல் கத்தோலிக்கத் திருச்சபையின் ஆயர்கள் கூடிய திரிதெந்து பொதுச்சங்கம் சொன்னது. அதனால்தான் அறிக்கையில் 'சூழ்நிலை அப்படி' என்று இழுக்காமல், 'கல்லை நான்தான் தள்ளி நட்டேன்' என்று சொல்லச் சொல்கிறார்கள்.