கோத்தகிரியிலிருந்து இறங்கிப் பார்த்த படங்கள்

6 அக்டோபர் 2024, ஞாயிறு

‘மெய்யழகன்’ ரொம்ப நீளம் என்று ஊரெல்லாம் பேச்சு. வெளியான சில நாட்களிலேயே 18 நிமிடத்தை வெட்டிவிட்டார்கள். இன்று மேட்டுப்பாளையத்தில் நாங்கள் பார்த்தது வெட்டிய படம்தான். எனக்கு அதில் வருத்தம் உண்டு.

இரண்டு ஆண்கள் ஒரு ராத்திரி முழுக்கப் பேசிக்கொண்டிருக்கிறார்கள், கதை அவ்வளவுதான். 1996இல் தஞ்சாவூர் வீட்டை இழந்து சென்னைக்குப் போன குடும்பத்துப் பையன் அரவிந்த்சாமி. இருபது வருடத்துக்கு மேல் கழித்து, தங்கை கல்யாணத்துக்காக நீடாமங்கலம் வருகிறார். அங்கே கார்த்தி “அத்தான், அத்தான்” என்று விடாமல் ஒட்டிக்கொள்கிறார். அவர் யார் என்று இவருக்கு ஞாபகம் வரவில்லை, பெயரைக் கேட்கவும் கூச்சம். அந்தக் கூச்சம் மெல்ல மெல்லக் குற்ற உணர்வாக மாறுகிறதே, அதற்கு நேரம் வேண்டும். அவசரப்பட்டிருந்தால் வெறும் விடுகதையாகப் போயிருக்கும். பிரேம்குமார் பொறுமையாக எடுத்திருக்கிறார், நாமும் கொஞ்சம் பொறுமையாக உட்கார்ந்திருக்கலாம்.

மச்சான் தூங்கிவிட்டார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

3 நவம்பர் 2024, ஞாயிறு

தீபாவளிக்கு வந்த ‘அமரன்’. சாய் பல்லவி கோத்தகிரிப் படுகர் வீட்டுப் பெண் என்பதால் இங்கே எல்லோருக்கும் அவர்மேல் ஓர் உரிமை. “நம்ம ஊர்ப் பொண்ணு” என்று சொல்லாமல் யாரும் படத்தைப் பற்றிப் பேச ஆரம்பிப்பதில்லை. அதோடு, குன்னூர் பக்கத்து வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையம் இருப்பதால் பட்டாளத்துக் குடும்பங்கள் நமக்குப் புதிதில்லை. லீவு முடிந்து கிளம்பும் ஆளை பஸ் ஸ்டாண்டில் வழியனுப்பும் பெண்களைச் சின்ன வயதிலிருந்து பார்த்து வளர்ந்திருக்கிறோம்.

படம் மேஜர் முகுந்த் வரதராஜனின் நிஜக் கதை. அவர் 2014 ஏப்ரல் 25 அன்று காஷ்மீரின் ஷோபியானில் இறந்தார், பிறகு அசோக சக்கரா விருது கொடுத்தார்கள். முடிவு தெரிந்துதான் போகிறோம். தெரிந்தும் கடைசி அரை மணி நேரம் தியேட்டரில் இருமல் சத்தம்கூட இல்லை. காரணம் துப்பாக்கிச் சண்டை இல்லை, போன்தான். முகுந்தும் மனைவியும் வாழும் குடும்ப வாழ்க்கையில் பாதி போனிலேயே நடக்கிறது. சண்டை, சமாதானம், குழந்தை பற்றிய பேச்சு எல்லாம் அதில்தான். சாய் பல்லவி ரிசீவரின் இந்தப் பக்கம் என்ன கேட்கிறார் என்பதை முகத்திலேயே காட்டிவிடுகிறார். சிவகார்த்திகேயனும் வழக்கமான குறும்பை முழுக்க மூட்டை கட்டிவிட்டு நடித்திருக்கிறார்.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். இத்தனை நேரம் காஷ்மீரில் நடக்கும் படத்தில் அங்கே வாழும் சாதாரண ஜனம் வாய் திறந்து நாலு வார்த்தை பேசும் இடம் ரொம்பக் குறைவு. கூட்டமாக வருகிறார்கள், கூட்டமாகப் போகிறார்கள். மலையில் வாழ்கிறவள் என்பதாலோ என்னவோ, எனக்கு அது உறுத்தியது.

17 நவம்பர் 2024, ஞாயிறு

‘கங்குவா’. தலைவலி. எல்லோரும் கத்துகிறார்கள், இசையும் சேர்ந்து கத்துகிறது. சத்தத்தைக் குறைத்து வையுங்கள் என்று தயாரிப்பாளரே தியேட்டர்களிடம் கேட்க வேண்டிய நிலை வந்ததே, அதற்கு மேல் நான் என்ன சொல்ல? சூர்யா அத்தனை பாடுபட்டிருக்கிறார். அவருக்கு அமைதியாகப் பேச ஒரு நல்ல காட்சி கொடுத்திருக்கலாம்.

2 பிப்ரவரி 2025, ஞாயிறு

‘குடும்பஸ்தன்’ கோயம்புத்தூரிலேயே பார்த்தோம், அந்த ஊர்ப் படத்தை அந்த ஊர்க்காரர்களோடு. வேலை போனதை வீட்டில் சொல்லாமல் மறைக்கும் மணிகண்டன், அக்கா வீட்டுக்காரராக வந்து மட்டம் தட்டும் குரு சோமசுந்தரம். கொங்குப் பேச்சு எழுதி வைத்ததுபோல் இல்லாமல் வாயிலிருந்து வருகிறது. இரண்டாம் பாதி கொஞ்சம் இழுவை. ஆனால் கடன் கேட்கப் போகும் இடத்தில் ஒரு மனிதன் எப்படிச் சுற்றி வளைப்பான் என்பதை இத்தனை சரியாகப் பார்த்து வெகுநாள் ஆகிறது.

11 மே 2025, ஞாயிறு

‘டூரிஸ்ட் ஃபேமிலி’. பத்து நாள் ஆகியும் ஹவுஸ்ஃபுல். சீசன் கூட்டத்தில் பஸ் கிடைப்பதே பெரும்பாடு. திரும்பி வரும்போது மலைப்பாதையில் குஞ்சப்பனையில் யானை ரோட்டில் நின்றதால் வண்டிகளை நிறுத்திவிட்டார்கள், பலாப்பழக் காலம் அல்லவா. பஸ்ஸுக்குள் இருட்டில் உட்கார்ந்து எல்லோரும் இந்தப் படத்தைப் பற்றியே பேசினோம்.

இலங்கையின் பொருளாதார நெருக்கடியில் பிழைக்க வழியில்லாமல் ஒரு குடும்பம் படகில் ராமேஸ்வரம் வந்து இறங்குகிறது. சசிகுமார், சிம்ரன், இரண்டு பிள்ளைகள். சென்னையில் ஒரு காலனியில் குடியேறுகிறார்கள். அக்கம்பக்கத்தில் வாயைத் திறக்காதீர்கள், பேச்சு காட்டிக்கொடுத்துவிடும் என்பது அவர்களுக்கு இடப்பட்ட கட்டளை. அவர்களால் அது முடியவில்லை. ஒருத்தர் கஷ்டத்தில் இருந்தால் போய் என்னவென்று கேட்டுவிடுகிறார்கள். கதவைச் சாத்திக்கொண்டு வாழ்ந்த காலனி அந்தக் கேள்வியிலேயே மாறுகிறது. இயக்குநர் அபிஷன் ஜீவிந்துக்கு இது முதல் படமாம். வில்லன் இல்லாமல், ரத்தம் இல்லாமல், ஒரு சாவு வீட்டை வைத்தே தியேட்டர் முழுவதையும் அழ வைத்துவிட்டார். எல்லோரும் இவ்வளவு நல்லவர்களாக இருப்பார்களா என்று மச்சான் கேட்டார். இருப்பார்கள் என்றுதான் நான் சொன்னேன். எங்கள் குடும்பம் இந்த மலைக்கு வந்த புதிதில் அரிசி கொடுத்தவர்கள் இருந்தார்கள்.

ஆமாம், எங்களையும் “சிலோன்காரங்க” என்றுதான் இங்கே சொல்வார்கள். 1964 சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தில், இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது என்று முடிவானது. அந்தக் கணக்கில் ஒருத்தி எங்கள் அம்மாயி. அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968இல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கினார்கள். அதுதான் இன்றைய டேன்டீ, தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டக் கழகம். படத்தில் சிம்ரன் பேச யோசித்து நிற்கும்போதெல்லாம் எனக்கு அம்மாயி முகம்தான் வந்தது. கடையில் சாமான் கேட்கக்கூட அம்மாவைத்தான் அனுப்புவாளாம்.

8 ஜூன் 2025, ஞாயிறு

‘டூரிஸ்ட் ஃபேமிலி’ இப்போது ஹாட்ஸ்டாரில் வந்துவிட்டது. அம்மாயிக்கு டிவியில் போட்டுக் காட்டினோம்.

முதல் விமர்சனம் பேச்சைப் பற்றி. “இது யாழ்ப்பாணத்து ஆளுங்க பேச்சு. எங்க தோட்டத்துல இப்படிப் பேச மாட்டோம்” என்றாள். சரிதான். படத்தில் வருவது இலங்கையின் வடக்குப் பக்கத்துக் குடும்பம். இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத்து லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில்) பிறந்து வளர்ந்தவளின் தமிழ் வேறு. அப்புறம் படகில் வந்து இறங்கும் காட்சியைத் திரும்பப் போடச் சொன்னாள். தான் வந்தது திருட்டுத்தனமாக இல்லை, கையில் பாஸ்போர்ட்டோடு கோச்சியில் (ரயிலில்) தலைமன்னார் போய், அங்கிருந்து கப்பலில் ராமேஸ்வரம் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி வந்ததாக அழுத்திச் சொன்னாள். எங்களிடம் இதுவரை இத்தனை கோர்வையாகச் சொன்னதில்லை. சாவு வீட்டுக் காட்சியில் மட்டும் எதுவும் பேசவில்லை, முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

இந்தப் படம் ஓடிய ஓட்டத்தைப் பார்த்த இயக்குநர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். தேயிலைக் காட்டுக்குப் பாட்டு எடுக்க எத்தனையோ பேர் மலையேறி வந்திருக்கிறார்கள். பின்னால் கூடையோடு நிற்கும் பெண்களைச் சிரிக்கச் சொல்வார்கள், கையசைக்கச் சொல்வார்கள். அவர்களில் ஒருத்தியைப் பேச விட்டு ஒரு முழுப் படம் எடுங்கள். எப்படி வந்தாள், யாரை அங்கேயே விட்டுவிட்டு வந்தாள், முதல் குளிர்காலத்தை இங்கே எப்படிக் கழித்தாள் என்று சொல்லட்டும். மூன்று மணி நேரம் ஆனாலும் பரவாயில்லை, வெட்டாதீர்கள். டிக்கெட் எடுக்க இந்த மலையிலிருந்து ஜனம் இறங்கி வரும்.

அம்மாயி தங்கைகள் இரண்டு பேர் ஹட்டனிலேயே தங்கிவிட்டார்களாம். இதுவும் இன்றைக்குத்தான் தெரிந்தது. அடுத்த ஞாயிறு முழுதாகக் கேட்டு எழுதுகிறேன்.