கை நனைத்தால் போதுமா?

மதிய உணவு மணி அடித்ததும் எங்கள் தொடக்கப்பள்ளிக் குழாயடியில் என்ன நடக்கிறது என்பதை ஒரு வாரம் சற்றுத் தள்ளி நின்று கவனித்தேன். பிள்ளைகள் தட்டைக் கழுவினார்கள். தட்டோடு சேர்ந்து கையும் நனைந்தது. நனைந்த கையைச் சட்டையிலோ பாவாடையிலோ துடைத்துக்கொண்டு வரிசையில் இடம் பிடிக்க ஓடினார்கள். சாப்பிட்டு முடித்த பிறகோ முட்டை வாசமும் சாம்பார் மஞ்சளும் போகும்வரை விரல்களைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார்கள். வீட்டுக்கு வந்தவரைச் சாப்பிட அழைக்கும்போதே "கை நனைச்சிட்டுப் போங்க" என்று சொல்லிப் பழகிய நாம், சாப்பாட்டுக்கு முன்னால் நனைப்பதையே கழுவுவது என்று எண்ணிக்கொண்டு விட்டோம் போலும்.

பிள்ளைகளுக்கு விவரம் தெரியாது என்று சொல்ல முடியாது. 2008 முதல் அக்டோபர் 15 உலகக் கை கழுவும் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. நாங்களும் ஆண்டுதோறும் அன்றைக்குப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, நுரை வழியும் கைகளைப் படம் எடுத்து அனுப்புகிறோம். உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, நகக்கண் என்று இரண்டாம் வகுப்புக் குழந்தைகூட வரிசை தப்பாமல் ஒப்பிக்கும். மறுநாள் குழாயடியில் சோப்பு இருக்காது. ஆகவே, அறிவுரையை நிறுத்திவிட்டுக் குழாயடியைத் திருத்துவது என்று முடிவு செய்தேன்.

இதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் குடற்புழு. பிப்ரவரி 10 அன்று தேசியக் குடற்புழு நீக்க நாளில் பள்ளியில் கொடுக்கும் அல்பெண்டசோல் மாத்திரை, அப்போது வயிற்றில் இருக்கும் புழுவைத்தான் கொல்லும். பிறகு உள்ளே போவதை அது தடுக்காது. மாத்திரையைச் சப்பிய பிள்ளை, மறுவாரம் மண்ணில் கோலிக்குண்டு ஆடிய கையோடு முறுக்குத் தின்றால், நகக்கண்ணில் ஒட்டியிருக்கும் நாக்குப்பூச்சியின் முட்டை மறுபடியும் வயிற்றுக்குள் போகக்கூடும். அந்த முட்டையின் மேலோடு பிசுபிசுப்பானது. நீரை மட்டும் காட்டினால் எளிதில் விடாது; சோப்பும் தேய்ப்பும் சேர வேண்டும்.

வங்கதேசத்தின் கிராமத்துத் தொடக்கப்பள்ளிகள் இரண்டில் நடந்த ஆய்வு ஒன்றைப் படித்தது எனக்கு வழி காட்டியது. கழிப்பறையிலிருந்து கை கழுவும் இடம்வரை பளிச்சென்ற வண்ணத்தில் பாதை போட்டுக் காலடித் தடங்களை வரைந்தார்கள். கழுவும் இடத்தில் கைத்தடங்களை வரைந்தார்கள். கழிப்பறை சென்றபின் சோப்புப் போட்டுக் கழுவியவர்கள் 100க்கு 4 பேராக இருந்தது, மறுநாளே 68 ஆகி, ஆறு வாரம் கழித்தும் 74 ஆக நின்றது. பாடம் எதுவும் நடத்தவில்லை என்பதுதான் வியப்பு. சுவருக்கு அடித்து மிஞ்சிய மஞ்சள் பெயிண்டில் நாங்களும் காலடிகளை வரைந்தோம். சின்னப் பிள்ளைகள் அதன்மேல் தாவித் தாவிப் போய்க் குழாயடியில் நின்றார்கள்.

நின்றால் போதாது, சோப்பு இருக்க வேண்டுமே! கட்டிச் சோப்பு வைத்தால் "காக்கா தூக்கிட்டுப் போயிடுச்சு டீச்சர்" என்பார்கள்; பாதி நாள் அது உண்மையும்கூட. வெங்காயம் வரும் வலைப்பையில் போட்டுக் கட்டிப் பார்த்தோம். ஈரத்திலேயே ஊறிக் கரைந்தது. இப்போது ஒன்றரை லிட்டர் தண்ணீரில் ஏறத்தாழ 30 கிராம் சலவைத்தூளைக் கரைத்து, மூடியில் ஆணியால் துளையிட்ட பாட்டிலில் வைக்கிறோம். அழுத்தினால் கொஞ்சமாக வரும். காக்கைக்கும் அதில் ஆர்வம் இல்லை.

அடுத்தது நேரம். நான்கு குழாய், 92 பிள்ளைகள். ஆளுக்கு 20 விநாடி என்றாலே எட்டு நிமிடம் ஆகும். 12.30க்கு மணி அடித்துவிட்டு, பசியோடு நிற்கும் குழந்தையைப் பொறுமையாகக் கழுவு என்றால் எப்படிக் கழுவும்? இப்போது 12.20க்கே கைக்கென்று ஒரு மணி அடிக்கிறது. தட்டு அதற்குப் பிறகுதான். கணக்குப் பாடத்தில் பத்து நிமிடம் போகிறது என்று உடன் பணியாற்றும் ஒருவருக்கு இன்னும் மனத்தாங்கல் உண்டு. போகட்டும்.

ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் குழாய் எட்டவில்லை. இரண்டு செங்கல் போட்டோம். பாசி பிடித்து ஒரு பையன் வழுக்கி விழுந்தான், எடுத்துவிட்டோம். இப்போதைக்கு ஐந்தாம் வகுப்பு அக்காமார்கள் குவளையில் மொண்டு ஊற்றுகிறார்கள். முழங்கால் உயரத்துக்குச் சற்று மேலே தாழ்வாக இரண்டு குழாய்கள் வேண்டும் என்று பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தீர்மானம் எழுதியிருக்கிறோம்.